கொய்யா மரம் வரும் வரி

இபாதான்,
திங்கட்கிழமை.

அன்புள்ள அபியோனா,

பெற்ற பிள்ளையைப் புதைத்த இடம் ஒரு தாய்க்குத் தெரியாமல் இருப்பது நல்லதா, தெரிந்துவிடுவது நல்லதா? நேற்றிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே நாங்கள் சுகம்தான், உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மழை இன்னும் விட்டபாடில்லை, நீயும் அந்த ஊர்க் குளிர் தொடங்குவதற்குள் நல்ல கோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் தாளில் எழுதுகிறேன், முடித்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன்.

மருத்துவ மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்க நீ உன்னைப் பற்றி எழுதிய கட்டுரையைத் திருத்தச் சொல்லி அனுப்பியிருந்தாய். தொடக்கத்திலேயே ஒரு காட்சி இருக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்களாம். ஒரே பக்கத்தில் மனதைத் திறந்து காட்டச் சொல்லும் இந்த ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை கிடையாது, அதை வைத்து நல்ல மருத்துவரை எப்படிக் கண்டுபிடிப்பார்களோ தெரியாது. ஆனால் படித்தபோது திருத்த உட்கார்ந்ததையே மறந்துவிட்டேன். பிறவியிலேயே இருந்த அரிவாளணுச் சோகையால் எலும்பு வலியில் துடித்த உன் அத்தை மகன் கொலாபோவின் காலை நீ தேய்த்துவிட்டது, அவன் போனதும் உங்களைப் போன்ற இளையவர்கள் மட்டும் அவனை எடுத்துக்கொண்டு போனது, மொனியா சாலையில் பழைய தேவாலயத்துப் பின்சுவர் ஓரமாகக் கொய்யா மரத்தடியில் நீ ஒரு பிடி மண் போட்டது. அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் நன்று என்று குறித்தும் வைத்தேன். வேதியியல் சொல்லிக்கொடுப்பவள், எதையும் இரண்டு தரம் பார்ப்பவள் என்று எனக்குப் பெயர். அந்த வரியில் என்ன இருக்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

நேற்று ஆராதனை முடிந்து எல்லோரும் நம் வீட்டில்தான் சாப்பாடு. அகின்டே சித்தப்பா வழக்கம்போல ஆரம்பித்தார், டாக்டர் ஆனப்புறமும் கட்டுரையா, விடுமுறையை எப்படிக் கழிச்சேன்னு எழுதறாளா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. யாரிடமும் உன்னைப் பற்றிப் பெருமை பேசாத நான் போனை எடுத்து உன் கட்டுரையைத் திறந்துவிட்டேன். உன் அலாகே அத்தை சமையலறையில் கிழங்கு மாவைப் போட்டு அமலா கிளறிக்கொண்டிருந்தாள், அவளையும் நானே கூப்பிட்டு உட்கார வைத்தேன், உன் பிள்ளையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாள், வந்து கேள் என்றேன். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, அதனால் வரிக்கு வரி யொரூபாவில் சொல்லிக்கொண்டே போனேன். ஆங்கிலத்திலேயே படித்திருந்தால் அது அவளைத் தாண்டிப் போயிருக்கும். நல்ல நல்ல சொல்லாகத் தேடிச் சொன்னேன், அபியோனா. காலைத் தேய்த்த இடம் வந்ததும் அத்தை தலைத்துணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமா, அவ கைதான் அவனுக்குப் பிடிக்கும், என் கை சொரசொரப்பாம், தொடவே விடமாட்டான் என்று சிரித்தாள். நான் அதே வேகத்தில் அடுத்த வரிக்குப் போனேன். முடித்த பிறகுதான் மேசையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருப்பதைக் கவனித்தேன். நம்மில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அடக்கத்துக்குப் போவதில்லை, இடம் எது என்று கேட்பதில்லை, தெரிந்தவர்கள் சொல்வதும் இல்லை. இத்தனை வருஷமும் அகின்டே சித்தப்பா குடித்திருக்கும்போதுகூட வாயைத் திறக்காத விஷயம். எனக்கு இந்த வழக்கத்தில் நம்பிக்கை இருந்ததே இல்லை, ஆனாலும் காத்து வந்தேன். ஒரு கொள்கைக்காக மீறியிருந்தால்கூட என் முகத்தை நான் பார்த்துக்கொள்ளலாம், பெருமையடிக்கப் போய் மீறினேன். அத்தை மொனியா சாலையா என்று கேட்டாள். அந்த வழியாத்தானே நான் வாரா வாரம் கிழங்கு வாங்கப் போறேன் என்றாள். பிறகு எழுந்து போய் அமலாவைக் கொண்டுவந்து எல்லோருக்கும் பரிமாறினாள், எனக்கும் சேர்த்து. கிளம்பும்போது சித்தப்பா வாசலில் நின்று, படிச்சவங்க அண்ணி நீங்க, உங்களுக்கு நாங்க என்ன சொல்றது என்றார். உன் அப்பா தன் தட்டைத் தானே கழுவி வைத்தார், அது இன்னும் மோசம்.

உன் மேல் தப்பில்லை. நீ முகம் தெரியாதவர்களுக்கு எழுதினாய், அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான். ஆனால் அந்த வரியை இப்போதே அனுப்பிவிடாதே. அத்தையிடம் கேட்க வேண்டும், கேட்க எனக்கு இன்னும் முகம் இல்லை. கடவுள் உன் காரியத்தைக் கைகூட்டி வைக்கட்டும், உன் கையால் பல பேர் வலி குறையட்டும். படிப்பு மும்முரத்தில் வெறும் வயிற்றோடு படுக்காதே. கோட்டை மறக்காதே.

உன் அம்மா,
ஒமொலாரா

செவ்வாய். படம் பிடிப்பதற்குள் அலாகே வந்துவிட்டாள், கையில் சந்தைப் பை. என் முகத்தைப் பார்க்காமல், அண்ணி, காரை எடுங்க, கிழங்கு வாங்கணும் என்றாள். மொனியா சாலையில் தேவாலயம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, சுவருக்கு மேலே தெரிந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் ஒரு டாக்சிக்காரன் ஹாரன் அடித்து, ரோடு என்ன உங்க வீட்டு முற்றமா என்று கத்தினான். பறந்து போயேன் உன் அவசரத்துக்கு என்று அவனுக்குத் திருப்பிக் கொடுத்தாள், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு என்னிடம், கால் தேச்சதெல்லாம் இருக்கட்டும், அந்த மரத்தை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க, அவன் எங்க இருக்கான்னு அந்த ஊர்க்காரங்களுக்கு எதுக்கு என்றாள். கிழங்கு வாங்கினோம். திரும்பும்போது வேறு வழியாகப் போகட்டுமா என்று கேட்டேன். இதுலயே போங்க என்றாள்.