பாக்கியத்துக்கு வாங்கிய ஜப்பான் கத்தி

ஆனி 2, ஞாயிறு

விடிந்ததிலிருந்து சாரல். மில் லீவு. காலை ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் கத்தி வாங்கி வந்தேன். நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தது. முழங்கால் இரண்டும் என்மேல் கோபமாக இருக்கின்றன.

கத்தி எதற்கு என்று எழுதி வைக்கிறேன். என் வீட்டுக்காரி பாக்கியத்துக்கு வலது கையும் காலும் விழுந்து இரண்டு மாதம். பேச்சு திரும்பிவிட்டது, கொஞ்சம் குழறல். கை திரும்பவில்லை. மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். இடக்கையால் சாப்பிட மாட்டாள். கால் கழுவுகிற கையால் சோறு தின்ன அவள் பிறக்கவில்லையாம். வேறு யார் ஊட்டினாலும் வாய் திறப்பதில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த கரண்டி சுவரில் போய் விழுந்தது. மகளோ சேத்தூரில், நிறைமாதம்.

மத்தியானம்தான் பெரும்பாடு. சங்கு ஊதியதும் மில்லிலிருந்து ஓட்டம். நாலு வாய் ஊட்டல். திரும்ப ஓட்டம். போன வாரம் மூன்று நாள் லேட். இன்னொரு தடவை என்றால் கேட்டுக்கு வெளியேதான் என்று மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தால்தான் பயம்.

போன வியாழன் சப்பட்டை மாம்பழம் அறுத்தேன். ஒரு துண்டைக் கத்தி முனையில் குத்தி, இந்தா மகாராணி என்று விளையாட்டாக நீட்டினேன். வாயால் வாங்கிக்கொண்டாள். அவளைப் பெற்ற அய்யா காட்டில் வெள்ளரிக்காயை இப்படித்தான் தின்பாராம். "கத்தியில திங்கிறவன எந்தக் கைன்னு யாரும் கேக்க மாட்டாக" என்றாள். கரண்டி சீக்காளிக்கு, கத்தி காட்டுக்காரனுக்கு. சரி தாயே. மடக்குக்கத்தி என்றால் மடியில் கிடக்கும், பாயில் குத்தாது.

கடையில் மூன்று பார்த்தேன்.
ஜெர்மன்: பழைய சரக்கு, ஒன்றே ஒன்று. எண்ணெய் போட்ட கதவு மாதிரி திறக்கிறது. விலையைக் கேட்டு நானே மூடி வைத்துவிட்டேன். சீமைச் சண்டையினால் இனி வராதாம்.
மதுரைப் பட்டறை: இரும்பு நல்லது. ஸ்பிரிங்கு முரடு. பல்லால்தான் திறக்க வேண்டும். எனக்கு மிச்சமிருப்பது கொஞ்சம்.
ஜப்பான்: எட்டணா. கொம்பு மாதிரி சாயம் அடித்த மரப்பிடி. அலகு நடுவிரல் நீளம். ஆடுகிறது.

பெண்பிள்ளைக்கா மடக்குக்கத்தி என்றார் கடைக்காரர். ஆம்பிளை கையில் கொடுத்ததைத்தான் உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறதே என்றேன். ஜப்பானே வாங்கினேன்.

ஆனி 3, திங்கள்

காற்று. பஞ்சு சீவுகிற கார்டிங்கில் ஒரே தூசி, இருமல், தலைவலி.

சாயங்காலம் கத்திக்குப் பரீட்சை. சணல் கயிறு, அறுத்தது. கொய்யாக்காய், அறுத்தது. தோசை, குத்தியதும் நின்றது. என் கட்டைவிரல், அதையும் அறுத்தது. அலகு ஆடுவதால் வெட்டு கோணல். பிடி சிறுத்து வழுக்குகிறது. மூடும்போது எலிப்பொறி.

பாக்கியம் இடக்கையால் திறக்கப் பார்த்தாள். அலகில் நகம் வைக்கிற பள்ளம் இருக்கிறது. ஆனால் பிடியைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். தொடையில் இடுக்கிப் பார்த்தாள். வாயில் கவ்விப் பார்த்தாள். பத்துத் தடவை இருக்கும். பிறகு பாயில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு வெங்கட்டம்மா, தெலுங்குக்காரி, காலையில் பாக்கியத்தைக் குளிப்பாட்டி விடுகிறவள், என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள். "அண்ணய்யா, அக்கா இருக்கிற இருப்புல கத்தியக் கையில கொடுத்துட்டு வேலைக்குப் போவீகளா?"

சித்திரையில் பாக்கியம் மூன்று நாள் பட்டினி கிடந்தாள். இப்படிக் கிடப்பதற்குப் போய்ச் சேரலாம் என்றாள். அன்றைக்கே அரிவாள்மணையைப் பரணில் ஏற்றியவன் நான். இப்போது நானே ரயில் ஏறிப் போய்க் கத்தி வாங்கி வந்திருக்கிறேன். எடுத்து என் மடியில் முடிந்துகொண்டேன்.

ஆனி 4, செவ்வாய்

மேகம், மழை இல்லை. மில் பட்டறையில் மிஷின் ரிப்பேர் பார்க்கிற பிட்டர் சேவியரிடம் கத்தியைக் கொடுத்தேன். கெட்டிக்காரன். வாய்தான் என்னைவிட நீளம். இதை வைத்து எந்த வெண்டைக்காயைக் கொல்லப் போகிறீர்கள் அண்ணாச்சி என்றான்.

செய்தது: அலகின் ஆணியைத் தட்டி ஆட்டத்தை நிறுத்தினான். முதுகு ஸ்பிரிங்கை அரத்தால் ராவி இளக்கினான். அலகில் ஆணிக்குப் பக்கத்தில் துளை போட்டுச் சின்னப் பித்தளை ஸ்குரு ஒன்று. கட்டைவிரலால் தள்ளினால் திறக்கும். ஜப்பான் இரும்பு மெத்தென்றிருந்ததால் துளை சீக்கிரம் விழுந்தது. மட்டச் சரக்கிலும் ஒரு சௌகரியம். பிடிக்கு மில் நூலை மெழுகு தடவி நான் சுற்றினேன். இப்போது வழுக்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, முனையை உருட்டிவிடு, ஓரத்தையும் மழுக்கிவிடு என்றேன். ஏன் என்றான். வாய் கிழியும் என்றேன். பாதி நிஜம். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அரத்தை எடுத்தான். கேலி பண்ணவில்லை.

ஆனி 5, புதன்

திறந்துவிட்டாள். இடது கட்டைவிரலால், ஒரே தள்ளில். மூடுவதற்குத் தொடையில் வைத்து அமுக்குகிறாள். டக். மறுபடி டக். சாயங்காலம் முழுக்க டக். தலை வலிக்கிறது மகாராணி, போதும் என்றேன். உங்களுக்கு மில்லிலே கேட்காத சத்தமா என்றாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை எதிர்த்துப் பேசுகிறாள்.

பழம் உருளாமல் இருக்க ஒரு யோசனையும் சொன்னாள். பானைக்கு அடியில் வைக்கிற பிரிமணையில் உட்கார வைத்தாள். அசையவில்லை. எனக்குத் தோன்றவில்லையே.

இடுப்பு வலி. கஞ்சி மட்டும்.

ஆனி 6, வியாழன்

மத்தியானம் ஓடி வந்து, அவளையே தின்னச் சொல்லிப் பார்த்தேன். மாம்பழம் நசுங்கியது. தோசை ஒதுங்கி ஒதுங்கிப் போனது. நாலாவது தடவை தட்டே கவிழ்ந்தது. எனக்கு வெளியில் வருத்தம், உள்ளே ஒரு நிம்மதி. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை.

பாக்கியம் அலகைக் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்தாள். கோடுகூட விழவில்லை.

"இத யாரு மழுக்குனா?"

பிட்டர் என்றேன்.

"பிட்டருக்கு என்னையத் தெரியுமா?"

கவிழ்ந்த தட்டை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

"சாகணும்னா அந்த மூணு நாள்லயே இன்னுங் கொஞ்சம் கிடந்து செத்துருப்பேன். இப்ப மாம்பழம் திங்கணும். அதுக்குக் கத்தி வேணும்."

ஊட்ட வந்த என் கையைத் தள்ளிவிட்டாள். பட்டினியோடு விட்டுவிட்டு ஓடினேன். அரை நிமிஷம் மிச்சம் வைத்து கேட்டுக்குள் நுழைந்தேன்.

ஆனி 7, வெள்ளி

வெயில். நின்றபடியே கண் அசந்துவிட்டேன். மேஸ்திரி தோளைத் தட்டினார். இன்றைக்குச் சிரிக்கவில்லை, என்ன வயசு உமக்கு என்று மட்டும் கேட்டார். நாற்பத்தாறு என்றேன். முகம் அறுபது சொல்கிறது என்றார்.

இரண்டு நாளாக இதே யோசனை. கொடுத்தால் பயம். கொடுக்காவிட்டால் அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள், அது இன்னும் பயம். இருபத்தாறு வருஷம் கூட இருந்தவளை நான் பூனை எலியைக் காக்கிற மாதிரி காவல் காக்கிறேன்.

மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

சாயங்காலம் கத்தியோடு சேவியரிடம் போனேன். "செவ்வாக்கிழம மழுக்கச் சொன்னீக. இன்னிக்குக் கூராக்கச் சொல்லுதீக. தோசையா இது, திருப்பித் திருப்பிப் போட?" என்றான். ஆனாலும் சக்கரத்தில் பிடித்து முனை எடுத்துக் கொடுத்தான். அலகு கொஞ்சம் குட்டையாகிவிட்டது. ஓரத்தை நீங்களே தீட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான். தன் கையால் அதைச் செய்ய அவனுக்கும் பயம் போலிருக்கிறது.

ஆனி 8, சனி

காலையில் சாரல். முற்றத்துத் துவைக்கிற கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டினேன். பாக்கியம் வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்து அதிகாரம் பண்ணினாள். போதுமா என்றேன். "இன்னுஞ் செத்த நேரம். அய்யா கத்தியில முடி நிக்காது." என் முன்கை முடியை வழித்துக் காட்டினேன். இருக்கிறதே நாலு முடி, அதையும் எடுத்துவிட்டீர்களா என்றாள். நன்றாகவே திட்ட வருகிறது இப்போது.

தட்டில் இரண்டு தோசை, பிரிமணையில் ஒரு பழம், தண்ணீர்ச் செம்பு. எல்லாம் இடப்பக்கம். கத்தி அவள் மடியில். மத்தியானம் வர மாட்டேன் என்றேன். யார் உங்களைக் கூப்பிட்டது என்றாள்.

போகும்போது வெங்கட்டம்மாவிடம், அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொள் என்று காதோடு சொன்னேன். தெருமுனை வரை போனேன். மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து, பார்க்க வேண்டாம், அவள் கூப்பிட்டால் மட்டும் போ என்று சொன்னேன். நான் மனுஷனா என்ற மாதிரி பார்த்தாள்.

சங்கு ஊதியது. கால் தானாக கேட்டுக்குப் போய்விட்டது. அங்கேயே நின்றேன். சேவியர் தன் தூக்குச்சட்டியைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். எனக்கு ஒரு பருக்கை இறங்கவில்லை. இரண்டாம் சங்கு ஊதும் வரை, உலகத்தில் இவ்வளவு நேரம் இருக்கிறதா என்றிருந்தது.

சாயங்காலம். வரும்போது வாசல் கதவு சாத்தியிருந்தது. தள்ளக் கை வரவில்லை. உள்ளிருந்து டக் என்று கேட்டது.

தட்டு காலி. தோசை ஒரு துணுக்குக்கூட இல்லை. கத்தியைச் சேலையில் துடைத்து மடக்கி வைத்திருந்தாள். மாங்கொட்டை வெள்ளையாகச் சப்பிக் கிடந்தது. அவள் இடது கை முழங்கை வரை மஞ்சள், வாயிலும் நாடியிலும் மஞ்சள், ஈ மொய்க்கிறது. நான் கையைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"கொட்டைய எவனாச்சும் கத்தியில சப்புவானா?" என்றாள்.

தண்ணீர் கொண்டுவந்து அந்தக் கையைக் கழுவிவிட்டேன். கேலி பண்ண நூறு விஷயம் இருந்தது. ஒன்றும் பண்ணவில்லை. பசிக்கிறது.