நான்-டீடெய்லில் விட்டுப்போன பக்கம்

ஸ்ரீரங்கம்,
ஆகஸ்ட் 6, புதன்கிழமை

அன்புள்ள வேணிக்கு,

பெருமாள் கிருபையில் நானும் இவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை உன் கடிதத்தில் தேடித்தான் பார்த்தேன். இரண்டு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் அந்த ஊர் மழையும் மெஸ்ஸில் போடும் சப்பாத்தியும். எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன், வரிகள் ஏறி இறங்கி ஓடுகின்றன. மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இருபத்தேழு வருஷம் யோசித்துக் கிளம்புகிறவள் அதை எடுத்துக்கொள்ள மாட்டாளா, அசடு!

மெஸ் நடத்தும் ஜேக்கப்பும் அவர் மனைவியும் அதிகம் கேள்வி கேட்காமல் உன்னை மெஸ் சமையலுக்குச் சேர்த்துக்கொண்டது பெரிய நிம்மதி. உன் மகளிடம் மட்டும் அவர்கள் போனிலிருந்து பேசுகிறாய் என்பதும் நல்லது. அவளுக்கு ஓசூரில் வேலை கிடைக்கும்வரைதான் நீ பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் போன் செய்யாமல், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட விலாசத்துக்குக் கடிதம் போடுகிறேன் என்றாய். அப்படியே ஆகட்டும். போயும் போயும் ஸ்ரீரங்கப்பட்டணம் போனாயே என்று சிரித்துக்கொண்டேன். அங்கேயும் காவிரி நடுவே தீவு, அதே ரங்கநாதர், அதே சயனக் கோலம். உன் ஊரைத் தாண்டித்தான் எங்கள் படித்துறைக்குத் தண்ணீர் வர வேண்டும்.

இந்த வருஷம் நல்ல தண்ணீர். மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்திலும் திறந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. நாம் இருவரும் வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளும் நாள் அல்லவா? நீ காப்பரிசி கொண்டுவருவாய், நான் மஞ்சள் கயிறு கொண்டுவருவேன், உன் வீட்டுக்காரர் அழகிரி பத்துப் படி மேலே நின்று நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வருஷமும் அதே படியில்தான் நின்றார்.

என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். மூன்று மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டார், வேணி. மறைக்காமல் சொல்கிறேன், அழுதார். அத்தனை கூட்டத்தில், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு. “உங்ககிட்ட சொல்லாம அவ போயிருக்க மாட்டா டீச்சர். எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, கையெடுத்துக் கும்பிட்டுக் கூட்டியாந்துடறேன்” என்றார். நான் கூட்டத்தோடு நழுவி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் இவர் வேறு. ஜகன்னாத்தைத்தான் உனக்குத் தெரியுமே, யார் வம்புக்கும் போகாத மனிதர். “அடிக்கல, குடிக்கல. ஒரு குடும்பத்தைப் பிரிச்ச பாவம் நமக்கெதுக்கு வத்ஸலா? சொல்லிடேன்” என்றார். ஊர் சொல்வதும் அதைத்தான். ஆனால் வாசல் கேட்டைத் தனியாகத் தாண்ட அழகிரி உன்னை ஒரு நாளும் விட்டதில்லை. தில்லை நகரில் கண் டாக்டரிடம் நீ எழுத்துகளைப் படிக்க வேண்டியபோதுகூட அவர்தான் உனக்காகப் பதில் சொன்னார். அடிக்கவில்லையே என்கிறவர்கள் இதையெல்லாம் எதில் சேர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

தெரியவில்லை என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்குக் குழம்பித்தான் போனேன். அவர் அழுத முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. கடைசியில் ஒரு சீட்டில் உன் விலாசத்தை எழுதி, மடித்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, நேற்று லீவு சொல்லிவிட்டுச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உன் வீட்டுக்குப் போக முசிறி பஸ் ஏறினேன். ஆமாம் வேணி, கொடுக்கத்தான் போனேன். குணசீலம் தாண்டும்போது பெருமாளைக் கும்பிட்டு, நல்லதுதானே செய்கிறேன் என்றுகூடச் சொல்லிக்கொண்டேன்.

அவர் வாழைத் தோப்புக்குப் போயிருந்தார். உன் மாமியார் வள்ளிக்கண்ணு அம்மா மட்டும் இருந்தார்கள். மோர் கொடுத்தார்கள், ஏகாதசி என்று சொல்லி மறுத்தேன். கை கால் கழுவப் பின்பக்கம் போகும்போது உன் அறைக் கதவைப் பார்த்தேன். புதுத் தாழ்ப்பாள், பளபளவென்று. கதவின் வெளிப்பக்கத்தில் அடித்திருந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டதை உன் மாமியார் கவனித்தார்கள். “போன வாரம் கடைத்தெருவுல வாங்கியாந்து அவனே அடிச்சான். அவ வந்தா போடுறதுக்காம்” என்றார்கள், சாதாரணமாக.

அப்புறம் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, “எங்க இருக்கான்னு எங்கிட்ட சொல்லாதம்மா. எனக்குத் தெரிஞ்சா அவன் கேக்கறப்ப ஒளறிப்புடுவேன். நல்லா இருக்காளா? தலைய மட்டும் ஆட்டு” என்றார்கள். நான் ஆட்டினேன். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து உன் கண்ணாடியை எடுத்து என் கையில் வைத்தார்கள். மூன்று மாதமாக மகன் கண்ணில் படாமல் அதை இடுப்பிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். அந்த அம்மாவைப் பற்றி நீ என்னிடம் குறை சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்.

பத்து நிமிஷத்தில் அழகிரி வந்துவிட்டார். வந்ததும் அதையேதான் கேட்டார். எனக்குத் தெரியாதுங்க என்றேன். ஏகாதசியும் அதுவுமாக, பல்லில் தண்ணீர் படாத வாயால் பச்சைப் பொய் சொன்னேன். “நீங்க பொய் சொல்ல மாட்டீங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு, ஒரு சீப்பு பூவன்பழத்தை என் துணிப்பையில் வைத்து, பஸ் ஸ்டாண்டு வரை அந்தப் பையைத் தானே சுமந்துகொண்டு வந்தார். பழத்துக்கு அடியில் உன் விலாசமும் கண்ணாடியும் இருந்தன. பஸ் நகரும்வரை எனக்கு உயிரே இல்லை.

இனி, முப்பது வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்று. ஒன்பதாம் வகுப்பு நான்-டீடெய்ல் நினைவிருக்கிறதா? அடிமைத்தனத்திலிருந்து ஓடிவந்த ஒரு மனிதனும் ஒரு பையனும் தெப்பத்தில் ஏறிப் பெரிய ஆற்றோடு போகிற கதை. அதைப் படித்துவிட்டுத்தானே, காலாண்டு லீவில் உங்கள் தோப்பு வாழை மரங்களைச் சேர்த்துக் கட்டி முசிறியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு மிதந்து வரலாம் என்று திட்டம் போட்டாய்? நடுவே முக்கொம்பில் அணை இருப்பது இரண்டு மேதாவிகளுக்கும் தோன்றவில்லை. வெட்டிய மரங்களோடு நீ ஆற்றங்கரையில் காத்திருந்தாய். நான் வரவில்லை, உன் அப்பா வந்தார். நீ தங்கிப் படித்த விடுதியின் வார்டன்தான் வத்தி வைத்துவிட்டார் என்று நீ இன்றும் நம்புகிறாய். வார்டன் இல்லை வேணி. உன் அப்பாவுக்கு அஞ்சலட்டை போட்டவள் நான். நீ மூழ்கிவிடுவாய் என்று பயந்தேன். அன்றும் நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். உன் படிப்பு அதோடு நின்றது, மூன்று வருஷத்தில் கல்யாணம்.

டீச்சரான பிறகு முழுப் புத்தகத்தையும் படித்தபோதுதான், நமக்குக் கொடுத்த சுருக்கத்தில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. அதில் அந்தப் பையனும் சிநேகிதனைக் காட்டிக்கொடுக்க ஒரு கடிதம் எழுதுகிறான். எழுதி முடித்ததும், ஆற்றில் இருவரும் சேர்ந்திருந்த நாட்களை நினைத்துப் பார்த்து அதைக் கிழித்துப் போடுகிறான். அந்தப் பக்கம் நம் புத்தகத்தில் இருந்திருந்தால் நான் அட்டை போட்டிருக்க மாட்டேன் என்று ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழுசாகப் படித்து, இருபது வருஷம் பாடமும் நடத்திய பிறகு நேற்று சீட்டை எழுதிக்கொண்டு பஸ் ஏறினேனே! புத்தகத்தின் மேல் பழி போட இனி எனக்கு வழியில்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

பார்சலில் உன் கண்ணாடி இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பில் அந்தக் கதையின் முழுப் புத்தகமும் கூடவே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் உன் விலாசச் சீட்டை வைத்திருக்கிறேன். நான் கிழிக்கவில்லை, படித்துவிட்டு நீயே கிழி. கோபம் வந்தால் வாய்க்கு வந்தபடி திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

பெருமாளும் தாயாரும் உனக்குத் துணையிருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. யார் அழுதார்கள் என்று கேள்விப்பட்டாலும் சரி, நானே மனம் மாறி வா என்று எழுதினாலும் சரி, திரும்பி வந்துவிடாதே. என்னைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால் ஒரு வரி போடு, அந்த ஊர்ப் படித்துறையில் வந்து நிற்கிறேன். இந்தத் தடவை வந்துவிடுவேன், வேணி.

என்றும் உன்,
வத்ஸலா