காலியாக விடக்கூடிய கட்டம்

நானா,

இன்று காலை உக்குவளைச் சந்தியில் பஸ் ஏறினேன். பின் ஆசனத்தில் யாரோ கராம்பு மென்றுகொண்டிருந்தார். வாசனை வந்ததும் நீங்களோ என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். தேங்காய்ச் சாக்கைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். நான் முறைத்ததைப் பார்த்து, "என்னங்க?" என்றார். ஒன்றுமில்லை என்று முன்னால் திரும்பிக்கொண்டேன். மாத்தளை வரும்வரை மனதுக்குள் உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டே வந்தேன். பாதியில் நின்றுபோன சண்டை அது. பதில் சொல்ல வர முடியாத இடத்துக்கு நீங்கள் போய்விட்டீர்கள் என்பதற்காக அதை நான் விட்டுவிடப் போவதில்லை.

என்னைச் சபையில் போட்ட கதை உங்களுக்குத் தெரியும். மாவட்டம் முழுவதும் கிளினிக் நடத்தும் பொது நிறுவனம் அது. பணிப்பாளர் சபைக்கு ஒரு தமிழர் வேண்டும், கணினி தெரிந்தவராக இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ரேடியோ திருத்திப் பிழைத்து, பழைய புத்தகங்களை வைத்து நானாகவே கணினி கற்று, டவுனில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். நியமனக் கடிதத்தில் 'நிறைவேற்று அதிகாரமற்ற பணிப்பாளர்' என்று போட்டிருந்தது. கணினித் திட்டத்தை மேற்பார்வை செய்வது என் பொறுப்பு. கூடப் பிறக்காத அண்ணனென்று உங்களிடம் காட்டினேன். கராம்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டீர்கள்:

"அதிகாரமும் இல்ல, நிறைவேத்தவும் ஏலா. அப்ப என்னத்துக்குத் தம்பி ஒங்கள அங்க வெச்சீக்கிறாங்க?"

"கேள்வி கேக்கிறதுக்கு நானா."

"அதுக்கு என்ன தாறாங்க?"

"கூட்டத்துக்குப் போனா டீயும் மீன் வெச்ச ஒரு மாலு பாணும்."

"அப்ப மாலு பாணுக்கு ஏத்த மாதிரி கேளுங்க. கூடக் கேட்டா அடுத்த மாசம் வெறும் ப்ளேன்டீதான்."

நான் கூடத்தான் கேட்டேன்.

கொழும்புக் கம்பெனி ஒன்று செய்து கொடுத்த பதிவு முறை அது. பெயர், வயது, முகவரி, பிறகு அடையாள அட்டை இலக்கம். அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பாவிட்டால் திரை அடுத்த பக்கத்துக்குப் போகாது. அடுத்த பக்கம் போகாவிட்டால் மருந்துத் துண்டுச்சீட்டு வராது. தோட்டங்களில் எத்தனையோ பேரிடம் அந்த அட்டை இல்லை. பிறப்பைப் பதியாமல் விட்ட பிள்ளைகள், பிரஜாவுரிமைப் பத்திரம் வராமலே கிழவர்களானவர்கள், அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்டப் பயந்து லயத்து வீட்டை விட்டே இறங்காத பெண்கள். நாட்டில் உள்நாட்டுச் சண்டை உச்சத்தில் இருந்த காலம். இவர்களும் மனிதர்கள், இவர்களுக்கும் சீனி வருத்தம், பிரஷர் எல்லாம் வரும் என்று கூட்டத்தில் சொன்னேன்.

தலைவர் சிங்களத்தில் சொன்னார்: "அட்டை எடுக்கச் சொல்லுங்கள். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்."

"அட்டை வர வருசக்கணக்கு ஆகும். மருந்து இந்த மாதம் வேண்டும்."

பக்கத்தில் இருந்த இன்னொரு பணிப்பாளர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "நீங்கள் கணினி படித்தது எந்தப் பல்கலைக்கழகத்தில்?" என்று கேட்டார். இன்றுவரை அந்த ஆளின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. கடைசியில் தலைவர், "முதலில் உக்குவளைக் கிளினிக்கில் ஓடவிட்டுப் பார்ப்போம். எத்தனை பேர் பதிய முடியாமல் திரும்பினார்கள் என்று அறிக்கை வரட்டும்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. உக்குவளை நீங்கள் மருந்து கொடுக்கிற கிளினிக். ஓய்வு பெற்ற பிறகும் ஒப்பந்தத்தில் உங்களைத் திரும்ப எடுத்திருந்தார்கள்.

அறிக்கை வந்தது. ஒருவர்கூடத் திரும்பவில்லை. வந்த எல்லோரிடமும் இலக்கம் இருந்தது.

"ஐயா சொன்ன ஆட்கள் எங்கே?" என்று தலைவர் கேட்டார். மேசையைச் சுற்றிச் சிரிப்பு. நான் எழுந்து நேராக உக்குவளைக்கு வந்தேன்.

பதிவுக் கவுண்டரில் ஒரு சிங்களப் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். கைக்குழந்தையோடு ஒரு தோட்டத்துப் பெண் முன்னால் நின்று, "ஐடி இல்லைங்க" என்றாள். பிள்ளை தலையைத் திருப்பி மருந்து ஜன்னலைப் பார்த்தாள். நீங்கள் தலையசைத்தீர்கள். அவள் எதையும் பார்க்காமல் மனப்பாடமாக ஓர் இலக்கத்தைத் தட்டினாள். திரை அடுத்த பக்கத்துக்குப் போனது. கட்டம் காலியாக இருந்தால் மறிக்கத் தெரிந்த அந்த முறைக்கு, ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வந்தால் மறிக்கத் தெரியவில்லை.

"நானா, அது யாரு நம்பர்?"

"என்டதான். வேற யார்ட நம்பர் எனக்குப் பாடம்?"

"பயித்தியமா ஒங்களுக்கு? பொலிஸ் பாத்தா? ஒரே ஐடியில இத்தனை வீட்டு ஆளான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"பெரிய குடும்பம்னு செல்றன்."

"வெளையாடாதீங்க! ஒங்க வேலையால என் பேச்சே செத்துப்போச்சு. ஐடி இல்லாத ஆளே இல்லன்னு ஆயிருச்சு!"

"நீங்க கூட்டத்துல வெண்டு வாற வரைக்கும் அந்தப் புள்ளட காய்ச்சல் காத்துக்கிட்டு ஈக்குமா தம்பி?"

"இங்க நீங்க இருக்கீங்க. நாலந்தா கிளினிக்ல யாரு இருக்கா? அங்க யாரு தன் நம்பரக் குடுப்பா?"

நீங்கள் திரும்பி மாத்திரைப் போத்தலைத் திறந்தீர்கள். அந்தக் கேள்வியில் நான் சரி, நானா. இன்றைக்கும் சரி.

என் பக்கத்தை நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது: உங்கள் பெயரைச் சொல்வது. சொன்னால் உங்கள் வேலை போகும். அந்தக் காலத்தில் வேலையோடு நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நான் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வெறும் வாயோடு போனேன், கத்தினேன். மாவட்டம் முழுவதுக்கும் இதே முறை என்ற தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார் தலைவர். எல்லாக் கையும் மேலே போனது. எதிர்ப்பவர்கள் என்றபோது என் கை மட்டும்.

அப்போதுதான் கதவு திறந்தது. பியூன் உங்கள் சட்டையைப் பிடித்திருந்தான். நீங்கள் அவனையும் இழுத்துக்கொண்டே உள்ளே வந்தீர்கள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அடையாள அட்டையை மேசையில் வைத்து, சிங்களத்தில், "இந்த நம்பரைப் போட்டுப் பாருங்கள் சேர்" என்றீர்கள். முறையைக் காட்ட வந்திருந்த கம்பெனிப் பையன் என்ன செய்வது என்று தெரியாமல் தட்டினான். புரொஜெக்டர் வெளிச்சத்தில் பதிவுகள் சுவரில் வரிசையாக விழுந்தன. நீங்கள் ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள்: "இதில் நான் பிள்ளைத்தாய்ச்சி. இதில் எனக்கு வயது ஆறு மாதம், தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். இதில் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டியிருக்கிறது." பல்கலைக்கழகக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். தலைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் சிரிக்கவில்லை. "இவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள் சேர். நம்பர்தான் இல்லை" என்றீர்கள்.

கட்டத்தைக் காலியாக விடலாம் என்று அன்றே முடிவானது. 'தற்காலிகமாக' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். கூட்ட அறிக்கையில் அது கம்பெனியின் ஆலோசனை என்று பதிவானது. என் பெயர் இல்லை, உங்கள் பெயரும் இல்லை. உங்கள் ஒப்பந்தத்தை மட்டும் நிறுத்தினார்கள். பொலிசுக்குப் போகாமல் விட்டதே பெரிய தயவு என்று தலைவர் என்னிடம் சொன்னார்.

வெளியே வந்து உங்களைத் திட்டினேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னு செல்லுவீங்க."

"ஆமா, சொல்லுவேன்! நான் சண்டை போட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்?"

"ஒங்கட சண்ட முடியாது தம்பி. முடிஞ்சா ஒங்களுக்கு வேல இல்ல."

அந்த வார்த்தைக்காகப் பல மாதம் உங்கள் வீட்டுப் பக்கம் நான் வரவில்லை. நீங்களும் கூப்பிடவில்லை. உங்கள் மகள் வந்து, வாப்பாவுக்கு மூச்சு எடுக்க முடியவில்லை என்றபோதுதான் த்ரீவீலைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன்.

அதே கிளினிக், அதே பிள்ளை. உங்களைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மனப்பாடமாகத் தெரிந்த இலக்கத்தைத் தட்டினாள். திரை ஏற்கவில்லை. இனி யாரும் பயன்படுத்தக் கூடாது என்று கம்பெனி உங்கள் இலக்கத்தைப் பூட்டி வைத்திருந்தது. நாட்டில் அட்டை உள்ள மனிதர் நீங்கள், அங்கே இல்லாதவராகிவிட்டீர்கள். இருமிக்கொண்டே சிரித்தீர்கள்.

"டிரெக்டர் தம்பி, இப்ப என்ன செய்ற?"

"நங்கி, அந்தக் கட்டத்த விட்டுட்டு அடுத்ததுக்குப் போம்மா" என்றேன் பிள்ளையிடம்.

போனது. துண்டு வந்தது. பெயர், வயது, உக்குவளை, பிறகு வெள்ளையாக ஓர் இடம். அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தீர்கள். "ஒங்கட கட்டம் நல்லா வேல செய்யுது" என்றீர்கள். அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, பாராட்டென்றும் சொல்ல முடியாது. அந்த வாரமே உங்களை அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டுபோனார்கள். நான் மதிலுக்கு வெளியே, இன்னும் கோபத்தோடுதான் நின்றேன்.

நாட்டில் சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள் நானா. என்னை நீக்க அவர்களுக்குக் காரணம் கிடைக்கவில்லை. இன்னும் சபையில் இருக்கிறேன். எந்தக் கணினித் திட்டம் வந்தாலும், எந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்பதைத்தான் முதலில் தேடுகிறேன். காகிதத்தைத் திறப்பதற்கு முன்பே மற்றவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

இன்றைய கூட்டத்தில், 'தற்காலிகம்' போதும், கட்டத்தைத் திரும்பப் பூட்டலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். இப்போது எல்லாரிடமும் அட்டை இருக்கிறதாம். இருப்பவர் நிரப்பட்டும், இல்லாதவருக்குத் திறந்திருக்கட்டும், அதில் உங்களுக்கு என்ன நட்டம் என்று கேட்டேன். எதிர்ப்பவர்கள் என்றார் தலைவர். கையைத் தூக்கினேன். தூக்கியபடி கதவைப் பார்த்தேன். திறக்கவில்லை. "பதிந்துகொண்டோம் ஐயா, கையை இறக்கலாம்" என்றார் தலைவர்.

நான் இறக்கவில்லை.