ஒட்டாத கால்சியம்

மார்ச் 3, செவ்வாய்
செல் சவ்வைக் கணினியில் போலச் செய்து பார்க்கும் சிமுலேஷன் இன்றும் ஓடவில்லை. இந்த ஆய்வகத்தில் எல்லோரும் கட்டளை வரியின் கடைசியில் ஒரு வார்த்தை சேர்ப்பார்கள். எச்சரிக்கை வந்தாலும் கண்டுகொள்ளாமல் மேலே போ என்று அதற்கு அர்த்தம். ஏன் என்று கேட்டால் ‘அப்படித்தான்’ என்பார்கள். எரிச்சலில் அதை எடுத்துவிட்டேன். உடனே நிரல் நின்றது. கால்சியத்துக்கு இரண்டு வரையறை இருக்கிறதாம், பின்னால் வந்ததைத்தான் எடுத்துக்கொள்ளுமாம்.

நான் வாங்கி ஓட்டும் கோப்பு அக்காவுடையது. கூடப் பிறந்தவள் இல்லை, பக்கத்து மேசை சீனியர். தீசிஸ் கொடுத்தாகிவிட்டது, அடுத்த மாதம் வைவா, வாய்மொழித் தேர்வு. கணவரும் நாலு வயது மகளும் வேறு ஊரில். அங்கேயே வேலையும் கிடைத்திருக்கிறது. பட்டம் வந்ததும் சேர வேண்டியதுதான்.

மார்ச் 4
புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

சவ்வை ஆக்கும் கொழுப்பு, அதாவது லிப்பிட் மூலக்கூறுகளின் டோப்பாலஜி ஒரு குழு செய்தது. எந்த அணு எதோடு சேரும், எவ்வளவு மின்னூட்டம், எல்லாம் அதில் இருக்கிறது. அதற்கென்றே அளந்த கால்சியமும் அதிலேயே இருக்கிறது. அக்காவின் கோப்பில் அதற்குக் கீழே இன்னொரு குழுவின் அயனிப் பட்டியலைச் சேர்த்திருக்கிறாள், அதிலும் ஒரு கால்சியம். இரண்டு தையல்காரர்கள் ஆளுக்கொரு டேப்பில் அளந்து தைத்த சட்டையின் இரண்டு பாதிகள். பட்டன் எங்கே பொருந்தும்?

அவளுடைய முக்கியமான அத்தியாயமே, கால்சியம் லிப்பிட் தலைகளை விடாமல் பிடித்துக்கொண்டு சவ்வைச் சுருக்குகிறது என்பதுதான். எந்தக் கால்சியம்?

மார்ச் 9
சரியான கால்சியம் போட்டு ஓட்டினேன். வருகிறது, தலையைத் தொடுகிறது, போய்விடுகிறது. சவ்வு சுருங்கவே இல்லை.

நான் தப்பாகச் செய்திருக்க வேண்டும்.

மார்ச் 12
தொடக்க வேகங்களை மாற்றி மறுபடி. தண்ணீரின் அளவை மாற்றி மறுபடி. திரையைப் பார்த்து, ஒட்டித் தொலையேன் என்று கெஞ்சினேன். கால்சியத்திடம். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கண்டுபிடித்தது பொய்யாக வேண்டும் என்று இருக்கிறது.

மார்ச் 16
சொல்லிவிட்டேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. “அக்கா, உங்க கால்சியம் தப்பு” என்றுதான் ஆரம்பித்தேன். அதைக்கூட ஒழுங்காகச் சொல்லத் துப்பில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் படங்களையெல்லாம் பார்த்தாள். எத்தனை தடவை ஓட்டினேன் என்று கேட்டாள். சொன்னேன்.

“இன்னொரு தடவை ஓட்டுடா.”

படங்களை மூடிவிட்டு, “எனக்கும் அந்த வார்னிங் வந்துச்சு. எல்லாருக்கும் வரும், தட்டிவிட்டுட்டுப் போன்னாங்க. தட்டிவிட்டேன்.”

மார்ச் 18
பேராசிரியர் கூப்பிட்டார். அக்காவே போய்ச் சொல்லியிருக்கிறாள். கோபமெல்லாம் இல்லை, அதுதான் மோசம். டீ வேண்டுமா என்று கேட்டார்.

“எக்ஸாமினர் வந்து உங்க வார்னிங்கையா எண்ணப் போறாரு? அவ குடும்பத்தோட போய்ச் சேரட்டும்ப்பா. நீ உன் லிப்பிட்டப் பாரு.”

தப்பு தப்புதானே சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் குழந்தை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னது சரியோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. சே.

மார்ச் 27
அவள் கேட்ட இன்னொரு தடவையும் ஓடி முடிந்தது. ஒட்டவில்லை.

ஏப்ரல் 2
அக்கா வைவாவைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த அத்தியாயம் முழுவதும் மறுபடி செய்ய வேண்டும். கம்பெனி அதுவரை காத்திருக்காதாம்.

பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

“உன்னை நல்லா நாலு வார்த்தை திட்டணும்னு வந்தேன். அதுக்குக்கூட நீ ஒரு தப்பும் பண்ணலையேடா.”

திட்டுங்க அக்கா என்றேன். அவள் போய்விட்டாள். பாட்டில் நிரம்பிக் கையெல்லாம் வழிந்தது.

என்ன செய்திருக்க வேண்டும் நான்? யாராவது சொல்லுங்களேன்.

ஏப்ரல் 7
புதிய கோப்போடு அக்காவின் முதல் சிமுலேஷன் எல்லாத் துறைக்கும் பொதுவான பெரிய கணினியின் வரிசையில் நிற்கிறது. எச்சரிக்கையைத் தாண்டும் வார்த்தை அதில் இல்லை. அவளுக்கு முன்னால் நின்ற என்னுடையவை எல்லாவற்றையும் வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். அவளுக்கு முன்னால் இன்னும் ஒரு பெரிய கூட்டமே நிற்கிறது. முன்பின் தெரியாத துறைக்காரர்கள். அவர்களை நான் என்ன செய்ய முடியும்?