என் உயிருக்கு ஐம்பது லட்சம்

ஸ்மைலின்,

நைட் டியூட்டி முடிந்து வந்ததும் சாப்பிடு. மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் கறியும் மூடி வைத்திருக்கிறேன். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே கருங்கல் சந்தைக்குப் போகிறேன்.

நேற்று இன்ஷூரன்ஸ்காரர் வந்தார். "அண்ணே, உங்க பேர்ல அம்பது லட்சம். இங்க கையெழுத்துல ஒரு ஒப்பு போட்டா போதும், அக்காகிட்ட எல்லாம் பேசியாச்சு" என்றார். சம்பாதிப்பவள் நீ. வீட்டில் சோறு பொங்குகிறவன் செத்தால் உனக்கு எதற்கு ஐம்பது லட்சம்? ஆஸ்பத்திரியில் யார் சொல்லித் தந்த புத்தி இது? நான் ஒப்பு போடவில்லை.

சாவி பழைய இடத்தில்தான்.

பி.கு. நீ நிரப்பிக் கொடுத்த இன்ஷூரன்ஸ் ஃபாரத்தின் பின்பக்கம் உன் பென்சில் கணக்கை இப்போதுதான் பார்த்தேன். சமையலுக்கு ஆள், பிள்ளையைப் பார்க்க ஆள், என் அம்மாவைக் குளிப்பாட்ட ஆள், எல்லாவற்றுக்கும் மாதச் சம்பளம் போட்டிருக்கிறாய். கடைசியில் "ஷாஜன்" என்று என் பெயரை எழுதி, அதற்கு நேரே தொகை ஒன்றும் போடவில்லை. மறந்ததா, வேண்டுமென்றே விட்டதா? அதைச் சொல், ஒப்பு போடுகிறேன்.