வெள்ளிக்கிழமைகளில் பொய் சொன்ன மின்வாய்

உன் வெள்ளை மேலங்கியை இன்று காலை தோய்த்தேன். கைப்பக்கத்து நீலச் சாயக் கறை இந்த முறையும் போகவில்லை. உன் செத்தவீடு முடிந்ததும் உன் அம்மா அதை என்னிடம் தந்தார். எனக்கு அது தொளதொளவென்று பெரிது. ஆனாலும் அதைத்தான் போடுகிறேன். கொடியில் விரிக்கும்போது உன்னோடு கதைக்கவேண்டும் போலிருந்தது. சொல்ல ஒரு விஷயமும் இருக்கிறது.

கிளிநொச்சி ஆய்வுகூடத்தில் நாம் இருவரும், எலி மூத்திரம் கலந்த வயல்தண்ணீரால் தொற்றும் எலிக்காய்ச்சலின் பின்னால் அலைந்த காலம் நினைவிருக்கும். நம் கருவியின் மின்முனையான, தங்கம் பூசிய சின்ன மின்வாயில், அந்தக் கிருமியின் டி.என்.ஏ.க்குச் சோடியான இழையைச் சாயத்தோடு ஒட்டுவோம். காய்ச்சல்காரரின் இரத்தத்தில் கிருமியின் இழை இருந்தால் வந்து சோடி சேரும், மின்னோட்டம் குறையும்; குறைந்தால் எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரிச் சோதனைக்கோ முதல் நாட்களில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அது "இல்லை" என்றதை நம்பி வயலுக்குப் போனவர்கள், பிறகு எழும்பவேயில்லை. அந்த முதல் நாட்களைப் பிடிக்கத்தான் நீ அப்படி அந்தரப்பட்டுத் தவித்தாய்.

மற்ற நாட்களில் ஒழுங்காக இருந்த கருவி, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வெறும் தண்ணீருக்கும் காய்ச்சல் என்றது. நான் சாயத்தைத் திட்டினேன், மின்சாரசபையைத் திட்டினேன். நீ நான் குனிந்து வேலை செய்வதையே பார்த்துக்கொண்டு நின்றாய். திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தாய்.

"எடியே, உன்ர பிள்ளையார்தான்டி தண்ணிக்குக் காய்ச்சல் குடுக்கிறார்!"

வெள்ளிதோறும் பிள்ளையார் கோயிலுக்குப் போய் நெற்றி நிறையப் பூசிவந்த திருநீறு, நான் குனியக் குனிய மின்வாயில் உதிர்ந்து அதை மூடி மின்னோட்டத்தைக் குறைத்திருக்கிறது. எனக்கு முகம் கறுத்துவிட்டது. பூசாமல் வா என்பாய் என்று நினைத்தேன். நீயோ ஒரு தொப்பியை என் புருவம்வரை இழுத்துவிட்டாய். "சாமியை ஏன் விடுவான்? தொப்பியைப் போடு." விபூதிப் புதனன்று தேவாலயத்தில் பூசை கண்டு, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்த நீயும் அதே தொப்பியைத்தான் தேடினாய்.

"முதல்ல வெறும் தண்ணியைக் கேள், பிறகு ஆக்களைக் கேள்" என்பது உன் சட்டமாயிற்று. ஆட்களின் இரத்தத்தில் செய்துபார்க்க அனுமதி வருமுன் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தக் காலபோக நெற்பருவத்தில் அனுமதி வந்தது. எங்கள் ஊர் அக்கராயனில் இரத்தம் தரச் சம்மதித்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். வயலில் புல்லுப் பிடுங்கி வந்தவருக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிச் சோதனை, எலிக்காய்ச்சல் இல்லை என்றது.

"சும்மா காய்ச்சல் பிள்ளை, பனடோல் போட்டா மாறிடும்" என்று அவர் மண்வெட்டியைத் தேடினார்.

நம் கருவியில் மின்னோட்டம் விழுந்தது. வெறும் தண்ணீரை வைத்தேன், விழவில்லை. திரும்ப அப்பாவுடையதை வைத்தேன், விழுந்தது. அவரை இழுத்துக்கொண்டு டொக்டரிடம் ஓடினேன்.

"உங்கட கருவியை மட்டும் நம்பேலாது. ஆனா வயல்காரர், சந்தேகமே போதும்" என்று அவர் அன்றே மருந்தைத் தொடங்கி, இரத்தத்தைக் கொழும்புக்கும் அனுப்பினார். அங்கிருந்து வந்த பதிலும் நம் பதிலும் ஒன்றுதான். அப்பா இப்போது கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை பிடிக்கிறார்!

பதிலைப் பார்த்ததும் என்னை அறியாமல் உன் தொலைபேசி இலக்கத்தைத்தான் அழுத்தினேன். முல்லைத்தீவில் உன் அம்மா எடுத்தார்.

"அம்மா, அவள் செய்தது சரிவந்திட்டுது. அப்பா எழும்பிட்டார்."

கடல் இரைச்சலுக்கு நடுவே மூக்கைச் சீறிக்கொண்டு சொன்னார்:

"இஞ்சயும் எங்கட ஆக்கள் வயல்வேலைக்குப் போய்க் காய்ச்சலோட வருகினம். எப்ப பிள்ளை வாறாய்?"

"உங்கட ஞாயிறு பூசை முடிய வாறன், அம்மா."

"நிண்டுதான் போகோணும். அவளின்ர அறையைக் கூட்டி வைக்கிறன்."

பரந்தனில் பஸ் மாறவேண்டும். சனமாகத்தான் இருக்கும். கருவியை மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன்.