அரளி இலையில் ஒரு வெள்ளிச் சொட்டு

வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போவதில்லை, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த வாடையோடு நீயும் வந்துவிடுகிறாய். அலுத்துப்போய் வருகிறவனைக் கொஞ்சம் உட்காரத்தான் விடேன், மாமு.

மணலியில் எண்ணெய் டேங்குகளுக்கு நாம் சில்வர் பெயிண்ட் அடித்த கோடை அது. மதியச் சோற்றை மதிலோரத் தோப்பில் தின்போம். புங்கையும் சவுக்கும் நடுவே அரளியுமாக இருந்த அந்த இடத்தைக் காடு என்றுதான் நீ சொல்வாய். அங்கே ஓர் அரளி இலையின் அடியில் பளபளவென்று ஒரு சொட்டு தொங்கியது.

"சில்வர் தெறிச்சுகினு கீது பாரு. சூப்ரவைசர் பாத்தான்னா பேஜாரு" என்றாய்.

சிந்திய பெயிண்டைச் சிந்தியவனே துடைக்க வேண்டும், அதுதான் நம் வேலையில் சட்டம். டேங்க் எங்கே, இந்த இலை எங்கே என்று யோசிக்க இருவருக்கும் தெம்பில்லை. பனியன் வேஸ்ட் துணியைத் தின்னரில் நனைத்துத் துடைத்தாய். சொட்டு அழியவில்லை, நெளிந்தது.

"அய்யோ, உசுரு மாமு!" என்று கையை இழுத்துக்கொண்டாய்.

குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றி அதைக் கழுவினாய். ஏதோ பூச்சியின் கூட்டுப்புழு என்று மட்டும் தெரிந்தது. போனில் படம் எடுத்துத் தேடினேன். தேடுகிற ஒவ்வொரு தடவையும் வேறொரு பேர் வந்தது. "பேரு கெடக்குது. உசுரு கீதா, அத்தச் சொல்லு" என்று எரிந்து விழுந்தாய். மறுநாள் அதே செடியில் வரிவரியாக, முதுகில் கறுப்புக் கொம்புகளோடு புழுக்கள் இலை தின்றுகொண்டிருந்தன. அதில் ஒன்று தலைகீழாகத் தொங்கிக் கூடாகி, நாலு நாளில் அதேபோல் வெள்ளியாக மின்னியது. எதிலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. எதுவாகப் போகிறது என்று பார்ப்பதற்குள் இருமல் உன்னைப் படுக்கையில் தள்ளிவிட்டது. இத்தனை வருஷம் மூச்சில் போன தின்னர்தான் என்று டாக்டர் உன் எதிரிலேயே சொன்னார்.

தினமும் காலடிப்பேட்டையில் உன் வீட்டுக்கு வருவேன். செருப்பைக் கழற்றுமுன் "பொறந்துச்சா?" என்பாய். இல்லை என்றால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய். "ஆமான்னு சொல்லித் தொலையேண்ணா, அது சோறு துன்னட்டும்" என்று உன் மனைவி என்னிடம் கெஞ்சினாள். எனக்கு மனசு வரவில்லை.

பிறகு நீ துடைத்த கூடு கறுத்தது. செத்துவிட்டது என்றே நினைத்து, அன்றைக்கு உன் வீட்டுப் பக்கமே வரவில்லை. மறுநாள் காலை பார்த்தால், காலிக் கூட்டைப் பிடித்துக்கொண்டு சிறகைக் காயவைத்துக்கொண்டிருந்தது. கரும்பழுப்பு, ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளி. சாப்பிடும்போது நம் தலைக்கு மேல் சுற்றுமே, அதே வண்ணத்துப்பூச்சி.

படம் எடுத்துவந்து போனை உன் கையில் கொடுத்தேன். "இதுவா? இத்த டெய்லி பாக்கறமே!" என்று சிரித்தாய், சிரிப்பு இருமலாயிற்று. இருமி ஓய்ந்து, போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு சொன்னாய்:

"தின்னரு பட்டும் பொழச்சிக்கிச்சு பாரு."

நீ போன பிறகும், தினம் காலையில் டேங்க் ஏணியில் கால் வைக்கும்போது, அதற்கு உனக்குச் சொல்ல ஒரு பதிலைத் தேடிக்கொண்டுதான் ஏறுகிறேன்.